விதை போய்ச் சேரும் நேரம்

அண்ணனுக்குத் தோளில் ஆபரேஷன். இனிமேல் கையை வீசி ஆட்டவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். குடுக்கைக்குள் விதை போட்டுக் குலுக்கும் மராக்கஸை இசைக்குழுவில் பதினெட்டு வருஷமாக ஆட்டிப் பெயர் வாங்கிய மனுஷன். ஆட்டாதே என்றால் என்னதான் செய்வான், பாவம்!

தங்கைக்கோ கணினியில் ஒலி உண்டாக்குவதுதான் வேலை. விடுவாளா? எத்தனை விதை, ஒரு குலுக்கலுக்கு எத்தனை மோதல், சத்தம் எப்படி அடங்கும் என்று எல்லாவற்றையும் மென்பொருளில் எழுதினாள். மோதல்களைச் சீராக வைத்தபோது தையல் மெஷின் மாதிரி இரைந்தது. தாறுமாறாக விட்டாள், அசல் மராக்கஸே பேசியது. அண்ணன் கையில் சின்ன சென்சார் ஒன்றைக் கட்டினாள். மணிக்கட்டை லேசாக அசைத்தால் போதும், அந்த நொடியே சத்தம். துளியும் தாமதமில்லை என்று அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒத்திகையில் மானம் போயிற்று. ஒவ்வொரு தாளத் தட்டுக்கும் அண்ணன் முந்தினான். மூன்று முறை பாட்டை நிறுத்திய குழுத் தலைவர், "தோளோட தாளமும் போச்சாய்யா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்து வைத்தான்.

மறுநாள் காலை சென்சாரைக் கழற்றி அவள் மேசையில் வைத்தான். "வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லப் போறேன். என் கை மேல எனக்கே நம்பிக்கை போச்சு."

"நீ ஏண்ணா முந்துறே? நிதானமா ஆட்டேன்."

"முந்தாம? ஆட்டினா விதை அந்தப் பக்கம் போய் மோத வேண்டாமா? அதுக்குக் கை முன்னாடியே கிளம்பணும். இதுகூடத் தெரியாதா வாத்தியாரம்மா?"

அவளுக்குப் பொட்டில் அறைந்தாற்போல் இருந்தது. விதைகளை எண்ணி எண்ணி வைத்தவள், அவை குடுக்கையைக் கடக்கும் நேரத்தைக் கோட்டை விட்டிருந்தாள். கண் சிமிட்டும் நேரத்தில் பாதிகூட இராது. அந்தத் தாமதத்தை மென்பொருளில் சேர்த்து, சென்சாரை மறுபடி அவன் கையில் கட்டிவிட்டு, பதிவு செய்திருந்த பாட்டைப் போட்டாள். "இப்ப ஆட்டு."

தட்டுக்குத் தட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. அவன் நம்பவில்லை. இன்னும் இரண்டு முறை ஆட்டிப் பார்த்தான்.

"அப்போ... தப்பு என் கையில இல்லையா?"

"இல்லவே இல்லண்ணா. முழுக்க என்னோடது."

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அதை அங்க வந்து சொல்லுவியா? எல்லார் முன்னாடியும்?"

சாயங்காலம் ஒத்திகை அறைக்குள் முதலில் நுழைந்தவள் அவள்தான். குழுத் தலைவர் வாயைத் திறக்குமுன், "நேத்து தாளம் தப்பினது நான்" என்றாள்.