இரண்டாவது சாவி

என் மொபட் களவு போனதற்கு இன்சூரன்ஸ் பணம் கேட்டிருந்தேன். விசாரிக்கச் சேலத்திலிருந்து தீர்த்தகிரி என்று ஒரு ஆள் வந்தான். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டு வருகிறவனை நான் நம்புவதில்லை.

“அய்யா, வண்டிக்கு ரெண்டு சாவி குடுத்திருப்பாங்க. ரெண்டும் வேணுங்க.”

ஒன்று என் இடுப்பில் இருந்தது. மற்றதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். துழாவிப் பார்த்தேன். ஒட்டடைதான் கையில் வந்தது.

“தப்பா நினைக்காதீங்க. வண்டியைச் சாவியோட வித்துப்போட்டு, களவு போச்சுன்னு எழுதறவங்களும் இருக்கறாங்க. சாவி இல்லீன்னா பொய்க் கேசுன்னு கம்பெனியில போலீசுக்கு எழுதிருவாங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏனப்பா, இந்த வயசுல நான் திருடனா? பக்கத்துத் தோட்டத்து அங்கமுத்தைப் போய்க் கேளு. கிணத்துத் தண்ணித் தகராறுல எங்கூடப் பேசாதவன். அவன்தான் எடுத்திருக்கோணும். போலீசுல அவன் பேரைத்தான் குடுத்திருக்கறேன்.”

“அவரைப் பாத்துட்டுத்தான் வாரனுங்க. வாயே தொறக்க மாட்டீங்கறாரு.”

“பாத்தியா!”

மோர் கொண்டுவந்த என் சம்சாரம் பொன்னாயி நின்றுவிட்டாள். “ஏனுங்க தம்பி, போலீசு இவிங்களைப் புடிச்சுட்டுப் போயிருமுங்களா?”

“கூப்புட்டு விசாரிப்பாங்கம்மா.”

சொம்பைக் கீழே வைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை அவன் முன்னால் போட்டாள்.

“வண்டி அங்கமுத்து கோழிக் கொட்டாயில இருக்குதுங்க. நாந்தான் தள்ளிட்டுப் போயி ஒளிச்சு வெக்கச் சொன்னேன்.”

சாவியை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன்; என் வண்டியினுடையதுதான்.

“இவிங்களுக்கு வலது கண்ணு தெரியறதில்லீங்க. ஆடி மாசம் என்னையப் பின்னால வெச்சுட்டு நேரா லாரிக்குள்ள உடப் பாத்தாங்க. ஓட்டாதீங்கன்னாக் கேட்டாத்தான? களவு போச்சுன்னா ரெண்டு நாளு திட்டிப்போட்டு உட்ருவாங்கன்னு நினைச்சேன். ஸ்டேஷனுக்குப் போவாங்கன்னு கண்டனா? அப்பறம் சொல்லவே பயமாப் போச்சு.”

“லாரிதான் குறுக்கே வந்துது,” என்றேன்.

“நின்னுட்டிருந்த லாரிங்க தம்பி.”

“அது கெடக்கட்டும். வண்டி அங்கமுத்துகிட்டத்தான இருக்குது? நான் சொன்னது சரிதான?”

சொம்பை எடுத்துக் குடித்துக்கொண்டிருந்த தீர்த்தகிரிக்கு மோர் புரையேறியது.

வண்டி கிடைத்துவிட்டது, பணம் வேண்டாம் என்று அவனே ஒரு தாளில் எழுதினான். போலீசிலும் இன்றைக்கே போய்ச் சொல்லிவிடச் சொன்னான். எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

அவன் போனதும் அங்கமுத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். சீட்டெல்லாம் கோழி இறகு. என்னால் ஸ்டேஷனில் போய் நின்று திட்டு வாங்கியவன் அவன்.

“ஏண்டா, போலீசு கேட்டப்பக்கூட ஏன் சொல்லலை?”

“அக்கா சொல்ல வேண்டாம்னுச்சு. லாரியில அடிபட்டு நீங்க போய்ச் சேந்துட்டா நான் ஆருகூட மாமா சண்டை போடறது?”

இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

“சந்தைக்கு இனிமே நீ ஓட்டு. நான் பின்னால உக்காந்து ரோட்டைப் பாத்துக்கறேன்.”

“என்னத்தைப் பாப்பீங்க?” என்றாள் பொன்னாயி.

கோழிக் கொட்டாயில் இருந்த வண்டி, எவன் ஓட்டினானோ? டேங்க் மூடியைத் திறந்து உள்ளே உற்றுப் பார்த்தேன். இருட்டாகத்தான் தெரிந்தது. பொன்னாயி தோளை ஒட்டி வந்து எட்டிப் பார்த்தாள்.

“நீங்க உட்ட பெட்ரோல் அப்பிடியே இருக்குதுங்க.”

மூடியைத் திருகிவிட்டேன்.