எது நடந்தாலும் நன்றி

அவன் எழுதும் கம்ப்யூட்டர் நிரல் எதுவானாலும் ஒரே ஃபைலில்தான் இருக்கும். அதனால் ஆபீஸில் அவனுக்கு 'ஒத்தை ஃபைல்' என்றே பெயர். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் நான்கு மேஜை போட்டு நடந்த ஆபீஸ் அது. பக்கத்து மேஜைக்காரி அடிக்கடி சலித்துக்கொள்வாள்.

"படிவத்தைக் காட்டுறது ஒரு வேலை, சரிபார்க்கிறது ஒரு வேலை, சேமிக்கிறது ஒரு வேலை. தனித்தனியா எழுதினா கை என்ன தேய்ஞ்சா போயிடும்?"

"ஓடுதுல்ல? ஓடுற வண்டியை ஏன் பிரிச்சுப் போடணும்?" என்பான். வாய் மட்டும் இல்லையென்றால் அவனை நாய் கவ்விக்கொண்டு போயிருக்கும்.

ஒரு கண் ஆஸ்பத்திரியின் இணையப் பதிவுப் பக்கத்தையும் அப்படித்தான் எழுதினான். பெயர், வயது, தொந்தரவு, போன் நம்பர் எல்லாம் நிரப்பி அனுப்பினால் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள். நெட் மெதுவானால் ஜனங்கள் பொத்தானை விடாமல் அழுத்தினார்கள். ஒரே ஆள் ஐந்தாறு தடவை பதிவானார். வரவேற்பு மேஜைக்காரர் போனில் கத்த, இவன் அவசரமாக ஒரு நிபந்தனை சேர்த்தான். அதே நம்பர் ஏற்கெனவே இருந்தால் சேமிக்காதே. சேமிக்கவில்லை என்று சொன்னால் பயந்துவிடுவார்களே? அதனால் நன்றி சொல்லும் வரியை எந்த நிபந்தனைக்குள்ளும் வைக்காமல் ஃபைலின் அடியில் போட்டான். சேமித்தாலும் நன்றி, சேமிக்காவிட்டாலும் நன்றி. தொல்லை ஒழிந்தது என்று வரவேற்பு மேஜைக்காரர் வாயாரப் புகழ்ந்தார்.

ஒரு போனுக்கு ஓர் ஆள் என்று நினைத்துவிட்டான். இத்தனைக்கும் அவன் வீட்டிலேயே அம்மாவுக்கும் சித்திக்கும் சேர்த்து ஒரே போன்.

சித்தி, அம்மாவின் தங்கை. புத்தகக் கம்பெனிக்குப் பிழை திருத்துபவள். கண்தான் அவள் பிழைப்பு. அந்த நன்றி வரியைக்கூட அவள்தான் திருத்திக் கொடுத்தாள். "'அழைக்கப்படுவீர்கள்' வேண்டாம்டா, கோர்ட்டுல இருந்து வந்த மாதிரி இருக்கு. 'நன்றி, உங்களை அழைப்போம்'னு போடு."

அம்மாவுக்குக் கண்புரை. சித்திக்குக் கண்வலியோடு விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. ஒரு சாயங்காலம் சித்தி அந்தப் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்து, மூத்தவள் என்று அக்காவை முதலில் பதிந்தாள், பிறகு தன்னை. இரண்டு தடவையும் நன்றி வந்தது.

"ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை சொல்லி வையேன்டா," என்றாள் அம்மா.

"அதெல்லாம் தப்பும்மா. எல்லாருக்கும் உள்ள வரிசைதான் நமக்கும்."

"அவன் சொல்றதுதான் சரிக்கா," என்றாள் சித்தி.

அம்மாவைச் சீக்கிரமே கூப்பிட்டார்கள். அறுவை முடிந்து பார்வை பளிச்சென்று ஆயிற்று. சித்தி தன் முறைக்குக் காத்திருந்தாள். வெயில் போய் மழை வந்தது. போன் அடித்தால் அவள்தான் ஓடிப் போய் எடுப்பாள். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பிள்ளைக்குச் சங்கடம். அவனும் கேட்கவில்லை. கூட இருப்பவர்களை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

ஒருநாள் காலை, திறந்திருந்த கதவின் விளிம்பு தெரியாமல் இடித்துக்கொண்டு நெற்றியில் ரத்தத்தோடு நின்றாள். அன்றே அழைத்துப் போனான்.

"ரெண்டு கண்ணுலயும் நரம்பு கெட்டுப்போச்சு," என்றார் டாக்டர். "பெரிய எழுத்துகூட இனி கஷ்டம். ஆரம்பத்துலயே வந்திருந்தா சொட்டு மருந்துலயே நிறுத்தியிருக்கலாம். போனது திரும்பாது."

வரவேற்பு மேஜைக்காரர் தேடிப் பார்த்தார். "இந்தப் பேர்ல பதிவே இல்லையே தம்பி. இந்த நம்பர்ல உங்க அம்மா மட்டும்தான் இருக்காங்க."

அவனுக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

ஆபீஸுக்குப் போய் ஃபைலைப் பிரித்தான். சரிபார்ப்பதைத் தனியாக, சேமிப்பதைத் தனியாக எழுதினான். ஒரே ஆளா என்று பார்க்க நம்பரோடு பெயரையும் வயதையும் சேர்த்தான். நன்றியைச் சேமித்த பிறகு மட்டும் வருமாறு உள்ளே வைத்தான். அரை நாள் வேலை, அவ்வளவுதான். இதைப்போல் இன்னும் எத்தனை வீடுகளில் காத்திருக்கிறார்களோ. தான் தள்ளிவிட்டவர்களை நிரல் எங்கேயும் குறித்து வைக்கவில்லை. பதிவான எல்லா நம்பர்களுக்கும் மறுபடி போன் செய்யும்படி ஆஸ்பத்திரியைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டான். விஷயம் முழுதும் தெரியாத முதலாளி, "இப்பவாவது பிரிச்சியே. கண் கெட்ட பிறகு சூரிய..." என்று ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் சித்தியின் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

"எது நடந்தாலும் அந்த வரி வரும்னு எனக்குத் தெரியாதேடா," என்றாள் சித்தி. "தெரிஞ்சிருந்தா உன்கிட்ட கேட்டிருப்பேன்."

பிறகு அவளே சொன்னாள். "இப்ப என் பேரைப் போட்டுப் பாரு."

மடிக்கணினியில் அவள் பெயரையும் அதே நம்பரையும் போட்டு அனுப்பினான். அவள் பழக்கத்தில் திரையின் பக்கம் குனிந்தாள். மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வெளிச்சம்தான் தெரியுது. என்ன போட்டிருக்கு, படி."

"நன்றி, உங்களை அழைப்போம்."

"பிழை எதுவும் இல்லையே?"

"இல்ல சித்தி."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள்.