பின்சீட்டுக் காற்று

காலை ஏழே முக்காலுக்குப் புயலார் வண்டியேறத் தயாராவது, ஒரு மன்னர் போருக்குப் புறப்படுவதைப் போலவே இருக்கும். என்ன, எந்த மன்னருக்கும் இத்தனை கவசம் வாய்த்திருக்காது. கைக்கு உறை, அந்த உறைக்கு மேல் இன்னோர் உறை, முட்டிக்குத் தகடு, கழுத்துக்குப் பட்டை, மழைக்கு ஒரு கோட்டு, மழை வருமோ என்கிற சந்தேகத்துக்கு ஒரு கோட்டு. காப்பீட்டு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் உத்தியோகம். பக்கத்துத் தெருவில் கொசு தும்மினால் இவருக்குச் சளி பிடிக்கும். இப்பேர்ப்பட்டவருக்கு நெடும்பயண பைக் சங்கத்தார் 'புயல்' என்று பட்டம் சூட்டியிருந்தார்கள். அது கேலி என்று சங்கத்தின் வாசல் கேட்டுக்குக்கூடத் தெரியும். அவருக்கு மட்டும் தெரியவில்லை. விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்துக்கொண்டார்.

வண்டி வாங்கிய பதினோரு மாதத்தில் முன்கண்ணாடியை நான்கு முறை மாற்றியாயிற்று. ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு சாண் உயரம். கழற்றி எறிந்ததையெல்லாம் சேர்த்தால் ஒரு பள்ளிக்கூடத்துக்கே சன்னல் வைக்கலாம். இப்போது நிற்பது கண்ணாடியே அல்ல, அலமாரிக் கதவு. போதாக்குறைக்குக் கைப்பிடிக்கு இரண்டு பக்கமும் காற்றுத் தடுப்பு, காலுக்குத் தடுப்பு, விரல் விறைக்காமலிருக்கக் கைப்பிடிக்குள் சூடேற்றும் கம்பி. எதிரே சூறாவளியே வந்து மண்டியிட்டாலும் அவர் மீசையில் ஒரு முடி அசையாது.

இந்தக் கோட்டைக்குப் பின்னால், சரியாகச் சொன்னால் கோட்டைக்கு வெளியே, தினமும் வேலைக்குப் போகவும் வரவும் அவர் மனைவி உட்கார்ந்திருப்பாள். தலையில் அவர் கழித்துப் போட்ட பழைய ஹெல்மெட். அவருடைய தலை பெரிது. உள்ளே சரக்கு இருந்ததால் அல்ல, அளவே அப்படி. அது அவள் தலையில் கிணற்றில் விட்ட வாளி மாதிரி ஆடும். அந்த இடைவெளியில் காற்று புகுந்து இரண்டு காதையும் மாறி மாறி அறையும்.

அவளுக்குக் காதுதான் சோறு போடுகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்பு மேசை. பதறியடித்துக்கொண்டு பேசுகிறவர்கள் பாதி சொல்லும்போதே மீதியைப் புரிந்துகொண்டு, விபத்துப் பிரிவுக்கோ பிரசவ வார்டுக்கோ இணைக்க வேண்டும். நான்கு மாதமாக இடது காதில் ஓயாத இரைச்சல். இரண்டு முறை சீழ் கட்டிவிட்டது. "மூணாவது தடவை வந்தா செவிப்பறை ஓட்டையாயிடும்மா. அப்புறம் அந்த நாற்காலியில உக்கார முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"என்னங்க, காது மறுபடி குத்துது."

"பஞ்சு வெச்சுக்கோ."

"வெச்சுப் பாத்தேன். பஞ்சையே பிடுங்கிட்டுப் போயிடுது காத்து."

"காத்தா? எந்தக் காத்து? எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

அவ்வளவுதான். உலகத்தில் காற்று அடிக்கிறதா இல்லையா என்பதை அவருடைய மூஞ்சிதான் தீர்ப்பெழுதும். மேல்முறையீடு கிடையாது.

பத்து நாளில் சங்கத்தின் எட்டு நாள் பயணம். அவள் வரமாட்டேன் என்றாள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "எல்லாரும் ஜோடியா வர்றாங்க. நான் மட்டும் பின்னாடி பெட்டியைக் கட்டிக்கிட்டுப் போறதா?"

"பெட்டிக்காவது மழையுறை வாங்கிக் குடுத்திருக்கீங்க."

இந்த மாதிரிப் பேச்சு அவர் காதில் ஏறாது. அவர் காதில் எந்தக் காற்றும் ஏறாதே!

சனிக்கிழமை, ஐந்தாவது முறையாகக் கண்ணாடி மாற்றக் கண்ணாடிக்காரம்மாவின் பட்டறைக்குப் போனார்கள். ஐம்பது வயது அம்மாள், கை முழுக்க அக்ரிலிக் தூள். தான் மாட்டிய எதையும் தானே ஓட்டிப் பார்க்காமல் வெளியே விடாதவள். அவளிடம் புயலார் தம் ஆராய்ச்சியை விளக்கினார். கண்ணாடி ஓரத்தில், ஹெல்மெட்டில், தோளில், மார்பில், முட்டியில் என்று ஒரு சாண் கம்பளி நூலாக வெட்டி வெட்டி ஒட்டியிருந்தார். நாற்பத்தோரு நூல். பார்ப்பதற்கு, தையல் மிஷினுக்குள் விழுந்து எழுந்து வந்தவர் மாதிரி இருந்தார்.

"ஓடும்போது ரெண்டே ரெண்டு நூல் லேசா ஆடுது. இவதான் பின்னாடியிருந்து எட்டி எட்டிப் பாத்து எண்ணிச் சொன்னா. இன்னும் நாலு விரல் உயரம் ஏத்தினா அதுவும் நின்னுடும்."

கண்ணாடிக்காரம்மா அவரைச் சுற்றி வந்தாள். அவர் மனைவியையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"சார், இவங்க மேல நூலே காணோமே?"

"அவளுக்கு எதுக்கு? ஓட்டறது நான்தானே!"

"காத்து எங்கயும் காணாமப் போகாது சார். உங்க தலைக்கு மேல ஏறிக் குதிச்சு, அடுத்தாப்ல யார் இருக்காங்களோ அவங்க மேல விழும். நீங்க உசத்த உசத்த அங்க அடி பலமா விழும்."

புயலார் சிரித்தார். அலுவலகத்தில், எரிந்துபோன கடைக்கு இழப்பீடு கேட்டு வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கும் அதே சிரிப்பு. "பின்சீட்டுல காத்தே இல்லம்மா. வேணும்னா நானே உக்காந்து காட்டறேன். நீங்க ஓட்டுங்க."

வாயால் கெடுவது தவளைக்கு மட்டும் எழுதி வைத்ததல்ல.

கண்ணாடிக்காரம்மா தன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை உதைத்தாள். புயலார் தம் புத்தம் புதிய ஹெல்மெட்டை எடுக்கப் போனார். மனைவி அதைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"நல்லது ஓட்டறவங்களுக்கு, பழசு பின்னாடி உக்கார்றவங்களுக்கு. நீங்க சொன்னதுதானே? அவங்ககிட்ட அவங்களோடது இருக்கு. உங்களுக்கு இது." ஆடும் வாளி அவர் கைக்கு வந்தது. பெரிய தலைக்குச் சரியாக இருக்குமே என்று நினைத்தார். பதினோரு மாதத்தில் உள்பஞ்சு தேய்ந்து தூளாகியிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

போக நாலு கிலோமீட்டர், வர நாலு கிலோமீட்டர். அவ்வளவுதான். ஆனால் திரும்பி வந்து இறங்கியவரைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரிந்திருக்காது. நாற்பத்தோரு நூலில் மிச்சம் மூன்று. மீசை வலது கன்னத்துக்குக் குடிபோயிருந்தது. கண் ஒரு பக்கமும் மூக்கு ஒரு பக்கமும் தனித்தனியாக அழுதன. பட்டறைத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அடி... என்ன அடி! யாரோ ரெண்டு பேர் நின்னு மாத்தி மாத்தி அறையற மாதிரி... ஐயோ, காதுல என்னமோ விசில் அடிக்குது!"

"அது அடங்க ரெண்டு நாள் ஆகும்" என்றாள் மனைவி.

"டாக்டர் நம்பர் எங்க? எனக்கு முதல்ல..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். எட்டு கிலோமீட்டருக்கே டாக்டரைத் தேடுகிற தாம், அவளை ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர் உட்கார வைத்திருந்தது அப்போதுதான் உறைத்தது. உறைத்தவுடன் அதையும் அவள் தலையிலேயே கட்டப் பார்த்தார்.

"இவ்வளவு அடிக்குதுன்னு ஏன் நீ சொல்லவே இல்ல?"

"சொன்னேனே. பதினோரு மாசமா, தினமும். உங்களுக்குப் படலை. அதனால நடக்கலைன்னு வெச்சுக்கிட்டீங்க."

புயலார் மிச்சமிருந்த மூன்று நூலையும் ஒவ்வொன்றாகப் பிய்த்தெறிந்தார்.

கண்ணாடிக்காரம்மா ரம்பத்தை எடுத்தாள். "நாலு விரல் ஏத்தறதுக்குப் பதிலா ஆறு விரல் வெட்டணும் சார். கண்ணாடிக்குக் கீழ ஒரு இடுக்கு விடறேன். பின்னாடி அடி குறையும். உங்க நெத்தியில கொஞ்சம் காத்து படும்."

"நெத்தியிலயா?" குரல் அவரையறியாமல் கீச்சிட்டது. இரண்டு பெண்களும் அவரைப் பார்த்தார்கள். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு பேனாவை மனைவியிடம் நீட்டினார். "எங்க வெட்டணுமோ நீயே கோடு போடு. வெட்டினப்புறம் உன் தலைக்கு அளவா ஒரு ஹெல்மெட் வாங்கலாம். பயணத்துக்கு... வர்றியா?"

அவள் கோடு போட்டாள். ஆறு விரல் இல்லை, ஏழு.

"காது ஆறட்டும், அப்புறம் யோசிக்கறேன். அதுவரைக்கும் நான் பஸ்லதான் போவேன். நீங்க ஒண்ணை மட்டும் மனசுல எழுதி வெச்சுக்கங்க. தனக்கு மட்டும் மறைப்புக் கட்டிக்கறவன் காத்தை நிறுத்தறதில்ல, கூட இருக்கறவங்க மேல திருப்பி விடறான். நமக்கு வலிக்கலைன்னா வலியே இல்லைன்னு அர்த்தம் கிடையாது. நம்ம பங்கையும் சேத்து யாரோ வாங்கிக்கிட்டிருக்காங்கன்னு அர்த்தம்."