கணக்கில் வராத எண்ணெய்

மொன்றியலின் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இரவிச்சந்திரன், அஜந்தா தம்பதியின் வீட்டு பேஸ்மென்றில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சாமி விளக்கு ஏற்றுகிற நேரத்தில், கறுப்பாக மசகு எண்ணெய் ஊறத் தொடங்கியது. மழைத்தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப் இருக்கிற குழியிலிருந்துதான் முதலில் வந்தது. முந்திய சொந்தக்காரர் வீட்டைச் சூடாக்கப் புதைத்து வைத்த எண்ணெய்த் தாங்கி எங்கேயோ வெடித்துவிட்டது என்று இரவிச்சந்திரன் நினைத்தான். காப்புறுதிக்காரர் வந்து, சப்பாத்தைக் கழற்றும் முன்னமே இது காப்புறுதிக்குள் வராது என்று சொல்லிவிட்டுப் போனார். மாநகரசபை ஆள் ஒரு போத்தலில் எடுத்துப் போய்ப் பரிசோதித்தார். ஆபிரிக்கக் கரையோர நாடு ஒன்றின் கடலடியில் ஊறும் எண்ணெய், சுத்திகரிக்கப்படாதது, கனடாவில் எவரும் இறக்குமதி செய்யாதது என்று முடிவு வந்தது. குப்பை எடுக்கும் நாள் மாறியதைச் சொல்கிற குரலில் அவர் அதைச் சொன்னார். அட்லாண்டிக்கை அது எப்படிக் கடந்தது என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

அஜந்தாவுக்கு அந்த நாட்டைத் தெரியும். எண்ணெய் விற்கிற ஏழை நாடுகள் தங்கள் எண்ணெய் வருமானத்தை மக்களுக்கு ஒளிவுமறைவில்லாமல் காட்டுகின்றனவா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் அவள் கணக்காய்வாளர். எந்த நாட்டைப் பார்க்கிறாள் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று அந்த அலுவலகமே அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தது. ஒளிவுமறைவு பார்க்கிற இடத்தில் இப்படியொரு கட்டுப்பாடு ஏன் என்று அவள் யோசித்ததில்லை. ஆகவே வீட்டில் எல்லோரும் அதை ‘அந்த நாடு’ என்றே சொன்னார்கள்.

அஜந்தா மொன்றியலில் தன் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்துக்கும் கணக்காய்வாளராக இருந்தாள். வருடாந்தக் கூட்டத்தில் பொருளாளர் கணக்கறிக்கையை உயர்த்திக் காட்டுவார். யாராவது ஒருவர் “வாசிச்சதா எடுப்பம்” என்பார். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், பிறகு ரோல்ஸும் தேநீரும் வரும். தெரிந்த மனிதரிடம் பற்றுச்சீட்டைக் கேட்பது அவரைக் கள்ளன் என்று சொல்வதற்குச் சமம் என்பதால் எவரும் கேட்பதில்லை. அஜந்தாவும் கேட்காமல் கையெழுத்து வைத்துப் பழகியிருந்தாள். அந்த நாட்டு அமைச்சின் ஆட்கள் மொன்றியலுக்கு வந்தபோது பண்பாக நடந்துகொண்டார்கள். அவளுடைய மகளின் படிப்பை விசாரித்தார்கள், நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்கள். அந்த நாட்டின் முதல் அறிக்கையில், எண்ணெய்க் கம்பனிகள் கொடுத்தோம் என்றது ஒரு நிரல், அரசு பெற்றோம் என்றது மறு நிரல். அந்தப் பக்கங்களை அவள் புரட்டினாள். வாசித்ததாக எடுத்துக்கொண்டு கையெழுத்து வைத்தாள். அது எண்ணெய் ஊறத் தொடங்கிய அதே வெள்ளிக்கிழமை மத்தியானம்.

மாரிகாலக் குளிர் முழுக்க எண்ணெய் அப்படியே நின்றது, கோடையில் கூடியது. பேஸ்மென்றில் இருந்த மகள் துஷாந்தினியின் கட்டிலை மேலே ஹோலுக்குக் கொண்டுவந்தார்கள். ஏழரைச் சனிதான் காரணம் என்று இரவிச்சந்திரன் முடிவெடுத்து, புரட்டாதிச் சனிக்கிழமைகளில் முருகன் கோயிலில் எள்ளெண்ணெய் எரித்தான். எரித்துவிட்டு வந்து பார்த்தால் இன்னொரு படி மூழ்கியிருந்தது. பக்கத்து லவாலிலிருந்து சொந்தக்காரர், பெரியபிள்ளையான பெட்டையின் சாமத்தியவீட்டுக்கு வருவதுபோல் கார் கட்டி வந்து பார்த்தார்கள். இரவிச்சந்திரனின் தமையன் நகுலேஸ்வரன், எண்ணெயை விற்க ஒரு சபை அமைக்க வேண்டும் என்றார். தலைவர் யார் என்பதிலேயே சண்டை வந்து சபை கலைந்தது. உடுப்பில் ஏறிய மணத்தால் மெற்றோவில் அஜந்தாவுக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. சோற்றில் எண்ணெய் மணத்தது. இருந்தால் எழும்பினாள், எழும்பினால் படிக்கட்டுக்குப் போய்க் குனிந்து பார்த்தாள், பார்த்துவிட்டு வந்தால் திரும்பவும் போனாள். எந்த வேலையையும் முடிக்க முடியவில்லை.

அந்த நேரத்தில் அந்த நாட்டின் இரண்டாம் அறிக்கை கையெழுத்துக்கு வந்தது. வைத்தால் அவளுக்கு நிரந்தர வேலை, வைக்காவிட்டால் அவளை வைத்திருக்க முடியாது என்று பணிப்பாளர் சிரித்தபடியே சொல்லியிருந்தார். இரவிச்சந்திரன் பஸ் ஓடுகிற சம்பளத்தில் மட்டும் வீட்டுக்கடன் கட்ட முடியாது. எண்ணெய் முதல் கையெழுத்தோடு வந்தது என்று அவளுக்குத் தெரியும். இன்னொன்று வைத்தால் அது வீட்டை விழுங்கும், வைக்காவிட்டால் வங்கி விழுங்கும். அவளுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

ஞாயிறு காலை துஷாந்தினி குசினி வாசலில் நின்று கேட்டாள். வீட்டில் பிரெஞ்சில் கதைக்கிற பிள்ளை, இதை மட்டும் தமிழில் கேட்டது.

“அம்மா, போன வருசம் நீங்கள் அந்த அறிக்கையை வாசிச்சனீங்களோ?”

அஜந்தா இல்லை என்றாள். இவ்வளவு காலத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு மேசையில் இருந்து முதல் அறிக்கையையும் இரண்டாம் அறிக்கையையும் எடுத்து, கோயிலில் புராணம் படிக்கிறவர்போல உரத்து வாசிக்கத் தொடங்கினாள். கம்பனிகள் கொடுத்ததில் பெரும்பங்கு அரசிடம் போய்ச் சேரவே இல்லை. அதை மறைக்கக்கூட எவரும் மினக்கெடவில்லை. நிரலுக்கு நிரல் பக்கத்திலேயே கிடந்தது. கொஞ்ச நேரத்தில் கீழே போயிருந்த இரவிச்சந்திரன் படியேறி வந்தான்.

“இறங்குது. நிப்பாட்டாதையும், வாசியும்.”

அவள் வாசித்து முடித்தபோது பேஸ்மென்ற் கார்பெட்டில் ஒரு கறைகூட இல்லை. குழியில் மட்டும் எண்ணெய் விளிம்பு வரை நின்றது, அவள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்ப்பதற்கு.

மறுநாள் அலுவலகக் கூட்டத்தில், அமைச்சின் ஆட்களுக்கு முன்னால், அவள் அறிக்கையை வாசிக்க வேண்டும் என்றாள். பணிப்பாளர் சுருக்கமாகச் சொல்லச் சொன்னார். சுருக்கம் என்று ஒன்றில்லை என்று சொல்லிவிட்டு இரண்டு நிரல்களையும் கடைசி வரி வரை வாசித்தாள். அவர்கள் மணிக்கூட்டைப் பார்த்தார்கள், மேசையில் சாப்பாடு ஆறியது. அவள் கையெழுத்து வைக்கவில்லை. பின்னேரம் குழி காய்ந்திருந்தது. அந்தக் கிழமைக்குள் அலுவலகக் கதவு அவளுடைய அட்டைக்குத் திறப்பதை நிறுத்தியது. மாரிக்கு முன் வீடு விலைப்பட்டது.

இப்போது அவர்கள் வில்லரேயில் ஒரு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். அஜந்தா சிறுகடைகளுக்கு வரிக்கணக்கு செய்கிறாள். வாடகை ஒப்பந்தத்தை வீட்டுக்காரர் நிற்க நிற்க முழுவதும் வாசித்த பிறகுதான் கையெழுத்து வைத்தாள். சங்கக் கூட்டத்திலும் பொருளாளரை வாசிக்கச் சொன்னாள், அதற்குப் பிறகு அவளுக்கு அழைப்பு வருவதில்லை. நிம்மதி வந்தது என்று சொல்ல முடியாது. இந்த வயதில் வீட்டை இழந்த கவலை அவளுக்கு நிறையவே உண்டு.

இரண்டாம் அறிக்கை எப்படியோ வெளிவந்தது. அதில் சாரங்கனின் கையெழுத்து இருந்தது. அஜந்தாதான் அவனை முன்பு அந்த அலுவலகத்துக்குச் சிபாரிசு செய்தவள். தைப்பூசத்தன்று முருகன் கோயில் வாசலில் அவனைக் கண்டாள். புதுச் சப்பாத்து, புது மேலங்கி, பக்கத்தில் மனைவியும் பிள்ளைகளும். கிட்ட வரும்போதே எண்ணெய் மணத்தது. அவள் குரலைத் தாழ்த்தி, அவனுடைய லவால் வீட்டில் எதுவரைக்கும் வந்துவிட்டது என்று கேட்டாள்.

“மேல்மாடிக்கு ஏறீட்டுது அக்கா,” என்றான் சாரங்கன். “முதலில் பிள்ளையள் அழுததுகள். இப்ப பழகிப்போச்சு.”

அடுத்த வருட அறிக்கையும் தன்னிடம்தான் வரும் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காரை நோக்கிப் போனான். அவர்கள் நடந்த இடமெல்லாம் பனியில் கறுப்புக் காலடிகள் விழுந்தன, சின்ன அடிகளும் பெரிய அடிகளுமாக. பின்னால் வந்த சனம் பட்டுச்சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கதையை நிறுத்தாமல், அவற்றைச் சுற்றிப் போனது.