நகர்நொறுக்கியின் அகலம்

எங்கள் வீட்டில் ஆண்கள் மூன்று பேர். மூவரும் போர் செய்கிறவர்கள். பயப்பட வேண்டாம், மேஜை மேல்தான். கட்டைவிரல் உயரச் சிப்பாய்களை பிளாஸ்டிக்கில் வார்த்து, விதிப் புத்தகத்தோடு பெட்டியில் போட்டு விற்கிறோம். வாங்குகிறவர்கள் அவற்றுக்கு வண்ணம் பூசி, பகடை உருட்டி, ஏதோ ஒரு கிரகத்தில் ஆயிரம் வருஷம் கழித்து நடக்கப்போகும் சண்டையை ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிடுகிறார்கள்.

கணவரின் அண்ணன்தான் முதலாளி. மாமா என்று கூப்பிடுவேன். அவருடைய வேலை, நாற்காலியில் சாய்ந்தபடி “இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்” என்று சொல்வது. என் கணவர் சிற்பி. உருவம் செய்வது, அச்செடுப்பது, அரம் வைத்து ராவுவது எல்லாம் அவர் கை. கொழுந்தன் விதிகள் எழுதுவான். பெட்டியின் பின்னால் வரும் வீரவசனமும் அவன் கைவரிசைதான். நான் நகரம் செய்கிறேன். வீடு, மாடிப்படி, பாலம், உடைந்த சன்னல், தெருவிளக்கு. இவர்கள் பாஷையில் இதற்கு ‘பின்னணி’ என்று பெயர்.

இந்த வருஷ விளையாட்டுப் பொருள் கண்காட்சிக்கு மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வந்தால் வீட்டில் மற்ற எல்லோருக்கும் வேலை வரும்.

“ஒரு டாங்கி செய்யறோம். சும்மா டாங்கி இல்ல. நகரத்துக்குள்ள நடக்கிற சண்டைக்குன்னே பிறந்த கனரக டாங்கி. பேரு நகர்நொறுக்கி!”

பெயர் ஜோராகத்தான் இருந்தது. கணவர் முதலில் செய்த உருவமும் நன்றாகவே இருந்தது. குட்டைக் குழாய் பீரங்கி, இடிபாடுகளை ஒதுக்கித் தள்ள முன்னால் ஒரு பெரிய இரும்புப் பலகை, அடக்கமான உடம்பு. என் தெருக்கள் நாலு விரல் அகலம். வண்டி மூன்று விரல். கச்சிதம்.

மாமா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா பாத்தா பயம் வரலையே தம்பி. இன்னும் கொஞ்சம் பெருசா…”

தம்பி கொஞ்சம் பெரிதாக்கினார். நெருப்பு கக்கும் குழாய்கள் முளைத்தன. மாமா பார்த்தார், இன்னும் கொஞ்சம். இரண்டு பக்கமும் கவசம் வந்தது, கவசத்துக்கு மேல் இன்னொரு கவசம் வந்தது, அதில் குட்டிக்குட்டியாக ஆணிகள் வந்தன. அந்த ஆணிகளை என் கணவர் இடுக்கியால் ஒவ்வொன்றாக ஒட்டினார். சாப்பிடக் கூப்பிட்டால் “இதோ” என்பார், வரமாட்டார். கடைசியில் அந்த வண்டியைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது.

“என்னங்க, இது தெருவுக்குள்ள போகுமா? எங்கிட்ட அளவு கேட்டீங்களா?” என்றேன்.

“அண்ணன்கிட்ட சொல்லிப் பாக்கறேன்,” என்றார்.

அவர் ‘சொல்லிப் பாக்கறேன்’ என்றால் ‘செத்தாலும் சொல்ல மாட்டேன்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான புதிதில் எனக்கு இது புரியவில்லை. அண்ணன் எதிரில் அவருக்கு வாய் என்ற உறுப்பே கிடையாது. அதனால் நானே போய்ச் சொன்னேன்.

“மாமா, டாங்கி தெருவுக்குள்ள போகாது.”

அவர் சிரித்தார். “நீ வீட்டைப் பாத்துக்கம்மா. சண்டைய நாங்க பாத்துக்கறோம்.”

“போகலைன்னா?”

“போகலைன்னா தெரு தப்புன்னு அர்த்தம். அந்த நகரப் பெட்டி விக்கிறதையே நிறுத்திடலாம். நம்மகிட்ட வர்றவன் வண்டி வாங்க வர்றான், வீடு வாங்கவா வர்றான்?”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். இரண்டு வருஷ உழைப்பு அந்த நகரம். பாலத்தின் கைப்பிடிக் கம்பிகளை எனக்குக் கனவில்கூடத் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே கணவரிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன்.

“பக்கத்து ஊர்க் கம்பெனிக்காரங்க என்னை ரொம்ப நாளாக் கூப்பிடறாங்க, உங்களுக்கே தெரியும். கண்காட்சியில வண்டி மாட்டிக்கும். உங்க அண்ணன் பழிய என் தெரு மேல போடுவாரு. அப்ப நீங்க எனக்காக ஒரு வார்த்தை பேசலைன்னா, என் அச்சையெல்லாம் கட்டிக்கிட்டு அங்க வேலைக்குப் போயிடுவேன். கோவத்துல சொல்லல.”

அரத்தை நிறுத்தாமல் “ம்” என்றார். இந்த மனுஷனோடு எப்படித்தான் சண்டை போடுவது?

கொழுந்தனாவது சோதித்துப் பார்த்தானா என்று கேட்பீர்கள். சோதித்தான். சாப்பாட்டு மேஜையில், செருப்புப் பெட்டிகளைக் கட்டடமாக வைத்து. செருப்புப் பெட்டி ரொம்ப நல்ல பிள்ளை. டாங்கி வந்தால் ஒதுங்கி வழிவிடும். என் நகரத்தைத் தொடக் கூடாது, கீறல் விழும், கண்காட்சியில்தான் திறக்க வேண்டும் என்பது மாமாவின் உத்தரவு. மூன்று அண்ணன் தம்பிகளில் ஒருவர்கூட அந்த வண்டியை அந்தத் தெருவில் ஒரு தடவை வைத்துப் பார்க்கவில்லை. ஆனால் பெட்டியின் பின்னால் கொட்டை எழுத்தில் அச்சாகிவிட்டது: ‘சந்து பொந்தெல்லாம் புகுந்து விளையாட வந்தவன்!’

கண்காட்சி மண்டபத்தில் நல்ல கூட்டம். நடு மேஜையில் என் நகரம். விளக்கு வெளிச்சத்தில் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. வண்டியை ஓட்ட, எல்லோரும் ‘பகடை’ என்று கூப்பிடுகிற பழைய ஆட்டக்காரரை மாமா வரவழைத்திருந்தார். எதிரே நகரத்தைக் காக்க ஒரு பல் டாக்டரம்மா, கைநிறையச் சிப்பாய்களோடு.

மாமா மைக்கைப் பிடித்தார். “இப்ப பாருங்க, நகர்நொறுக்கி ஊருக்குள்ள நுழையுது!”

நுழையவில்லை. ரொட்டிக்கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. பகடை நேராக வைத்துப் பார்த்தார், சாய்த்து வைத்துப் பார்த்தார். அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு. எங்கே போனாலும் அதே கதை. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரிக்க, அது அப்படியே பரவியது. டாக்டரம்மா அலட்டிக்கொள்ளாமல் வண்டியின் பின்னால் நாலு சிப்பாய்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

“நிதானமா வாங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல,” என்றார்.

கொழுந்தன் தான் எழுதிய விதிப் புத்தகத்தையே முதன்முதலாகப் படிக்கிறவன் போல் புரட்டிக்கொண்டிருந்தான். மாமாவின் முகம் கறுத்தது. ஆனால் மைக் அவர் கையில் இருந்ததே!

“ஒரு சின்னத் தவறு நடந்துபோச்சு. வீடு செஞ்சவங்க தெரு அளவைச் சரியாப் பாக்கல,” என்றார்.

மண்டபம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அழுகை வந்தது. இவர்கள் முன்னால் அழுவதாவது! மேஜைக்கு அடியிலிருந்து அட்டைப்பெட்டியை இழுத்து, கைக்கு எட்டிய மணிக்கூண்டைப் பெயர்த்து உள்ளே வைத்தேன். அடுத்து பாலத்தில் கை வைத்தேன்.

“அண்ணா, தெரு சரிதான்.”

சன்னமான குரல், என் கணவருடையது. மைக்குக்குப் பக்கத்தில் நின்றதால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“அவ முதல்லயே சொன்னா. நான்தான் கேக்கல. வண்டிதான் தப்பு.”

என் கணவர் சட்டைப்பையிலிருந்து விரல் நீள ரம்பத்தை எடுத்தார். அவர் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அது பையில் இருக்கும். அதற்காக நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன்! டாங்கியைத் தூக்கி, தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கக் கவசத்தை அறுக்க ஆரம்பித்தார்.

“டேய், டேய், என்னடா பண்ற?” என்றார் மாமா.

என் கணவர் நிமிரவே இல்லை. வலப்பக்கம் விழுந்தது. பிறகு இடப்பக்கம். அந்த ஆணிகள் எல்லாம், அவர் சாப்பாட்டை மறந்து ஒட்டிய ஆணிகள், பொடியோடு பொடியாகத் தரையில் உதிர்ந்தன. போதும் விடுங்க என்று சொல்லத் தோன்றியது எனக்கு.

அறுத்து முடித்து, ஊதித் துடைத்து, வண்டியைப் பகடையிடம் கொடுத்தார். அது ரொட்டிக்கடையை உரசாமல் உள்ளே போனது. கூட்டம் கைதட்டியது. முதலில் கைதட்டியவர் டாக்டரம்மா.

பகடை தெரு முனையில் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார். “இங்க ஒரு மணிக்கூண்டு இருந்துச்சே, எங்க? அதைத்தான் சுடலாம்னு இருந்தேன்.”

எல்லோரும் மறுபடி என்னைப் பார்த்தார்கள். என் கணவரும் பார்த்தார். உடம்பெல்லாம் வெள்ளைப் பொடி, கையில் ரம்பம், நெற்றியெல்லாம் வேர்வை. அட்டைப்பெட்டியில் கையை விட்டு மணிக்கூண்டை எடுத்தேன். கடிகார முள் வளைந்திருந்தது. நிமிர்த்திவிட்டு அதன் இடத்தில் வைத்தேன்.

பழைய ஆட்டக்காரர் பகடையை உருட்டினார். ஆறு விழுந்தது. ஆறு விழுந்தால் கட்டடம் காலி, கொழுந்தன் எழுதிய விதி.

“இன்னும் கொஞ்சம் பெரிய பீரங்கியா இருந்திருந்தா…” என்று மாமா ஆரம்பித்தார். பிறகு என்னைப் பார்த்தார். “எவ்வளவு பெருசா இருக்கலாம்மா?” என்று கேட்டார்.

“அப்புறம் சொல்றேன் மாமா,” என்றேன். விதிப்படி மேஜையை விட்டுப் போக வேண்டிய மணிக்கூண்டை என் கையாலேயே தூக்கி, அட்டைப்பெட்டியில் போடாமல், கீழே உட்கார்ந்து ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த என் கணவரிடம் கொடுத்தேன்.