ஆறு நொடிச் சிரிப்பு

ஞாயிறுதோறும் ஓடும் குடும்ப நகைச்சுவைத் தொடருக்குப் பின்னணியில் சிரிப்புச் சத்தம் போடுகிறவன் நான். வசனம் எழுதுவது வேறொருவர். அதற்கு எத்தனை பேர், எத்தனை நொடி சிரிக்க வேண்டும் என்று எடிட்டிங் அறையில் பட்டனைத் தட்டி முடிவு செய்வது என் வேலை. பதினோரு வருஷமாக இந்தத் தேசமே நான் சொன்ன இடத்தில்தான் சிரிக்கிறது. வீட்டில் என் பேச்சை ஒருவரும் கேட்பதில்லை, அது வேறு விஷயம்.

தொடரில் ஒரு மூட்டைக்காரன் வருவான். எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள். வாராவாரம் மூட்டையும் கையுமாகப் படகிலிருந்து விழுவான். அதற்கு முழு அரங்கமும் ஆறு நொடி சிரிக்கும். அதைவிட நீளமான சிரிப்பு எங்கள் தொடரில் கிடையாது.

என் மனைவியும் அந்தப் பக்கத்துக்காரிதான். அங்கே சண்டை மூண்ட வருஷம் அவர்கள் தப்பி வந்த படகு கவிழ்ந்து, மூட்டையை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டே அவள் அப்பா முங்கிப்போனார். அவளும் தம்பியும் கரையேறினார்கள். என்னைக் கட்டியதால் அவளுக்குக் குடியுரிமை வந்தது. தம்பி சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டு, இங்கே தங்குவதற்கான தற்காலிகச் சீட்டைப் புதுப்பித்துப் புதுப்பித்தே முப்பத்திரண்டு வயதை எட்டிவிட்டான். இந்த முறை குடியுரிமைத் தேர்வில் தேறாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே அவனுக்கு யார் இருக்கிறார்கள், மண்ணாங்கட்டி!

தேர்வு என்ன தெரியுமா? எங்கள் தொடரைச் சிரிப்புச் சத்தம் இல்லாமல் போட்டுக் காட்டுவார்கள். நாட்டு மக்கள் சிரிக்கும் இடத்தில் விண்ணப்பக்காரனும் சிரிக்க வேண்டும். சிரித்தால் நம்மவன். எந்தப் புண்ணியவான் மூளையில் உதித்ததோ தெரியவில்லை.

ஒரு மாதம் எங்கள் வீட்டுக் கூடத்தில் பயிற்சி நடந்தது. முதல் வாரம் ஜோக் முடிவதற்கு முன்பே சிரித்தான். தப்பு என்னுடையது. பார்ப்பவர்களை இழுத்துக்கொண்டு போக, நான் எப்போதும் அரை நொடி முன்னாலேயே சிரிப்பைப் போட்டுவிடுவேன். அவன் அதை அப்படியே மனப்பாடம் பண்ணியிருந்தான்.

"கேட்டுட்டுச் சிரிடா. மாட்டிக்குவே."

"சரி அத்தான்."

படகுக் காட்சி வந்தால் மட்டும் அவன் முகம் செத்துப்போகும். என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதுல கோட்டை விட்டா எல்லாமே போச்சு. வேற எதையாவது நெனச்சுக்கிட்டுச் சிரியேன்டா!"

மறுபடி போடுவேன். ஒரே நாளில் நாற்பது தடவைகூடப் போட்டிருக்கிறேன். அப்போது எனக்கு வெட்கமாக இல்லை. அவசரமாக இருந்தது.

ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் என்பதால் தேர்வன்று என்னையும் பின்னால் உட்காரவைத்தார்கள். நீள மேஜை, மூன்று அதிகாரிகள், சுவரோரம் டிவி. மச்சினன் எல்லா இடத்திலும் கச்சிதமாகச் சிரித்தான். மூட்டைக்காரன் படகில் ஏறினான். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டேன். அவன் விழுந்ததும் மச்சினன் தொடையைத் தட்டிச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தான்.

மூத்த அதிகாரி டிவியை நிறுத்தினார். "இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"அந்தப் பக்கத்து ஆளுங்களே அப்படித்தான் சார். மூட்டையக் கெட்டியாப் புடிப்பானுங்க, படகப் புடிக்க மாட்டானுங்க."

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். யாரைச் சொன்னான் என்பது குடியுரிமைக் காகிதத்தில் முத்திரை குத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது.

வீட்டில் என் மனைவி அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"பாவம்டா நீ. அந்த எடத்துல எப்படித்தான் நடிச்சியோ!"

"நடிக்கலக்கா," என்றான். "நெஜமாவே சிரிப்பு வந்துடுச்சு."

அவள் அவன் முதுகிலிருந்து கையை எடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "திருப்திதானே உங்களுக்கு?" என்று கேட்டாள்.