வீடு கைமாறிய காலை

கதவு திறந்தேதான் கிடந்தது; இருந்தாலும் வக்தி தட்டினான். உள்ளே நக்லா கடைசிப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வரலாமா?"

"உங்க வீட்டுக்கு என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

விவாகரத்தின்போது நீதிமன்றம் சொன்னது இதுதான்: பிள்ளைக்குப் பதினைந்து வயது முடியும்வரை வீடு தாய்க்கு; அதன் பிறகு, பிள்ளை யாரோடு இருந்தாலும், தகப்பனுக்கு. மகள் ஷுரூக்குக்குப் போன மாதம் பதினைந்து முடிந்தது. இனி யாரோடு இருக்கிறாய் என்று நீதிபதி கேட்டதற்கு, "அம்மாகூட" என்று பட்டென்று சொல்லிவிட்டாள். பெண் அம்மாவுக்கு, வீடு அப்பாவுக்கு என்று ஆயிற்று. "காலி பண்ணாதேடி, கேஸை இழு, ரெண்டு வருஷம் ஓடிடும்" என்றாள் எதிர்வீட்டு ஹானியின் அம்மா, உம் ஹானி. நக்லாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஒன்பது வருடமாக தமியெத்தா நகரத்து மரப்பட்டறை ஒன்றின் மாடியில், வார்னிஷ் நெடிக்குள் படுத்துக்கிடந்தவன் அவன். ஒரு நாள்கூட வாசலில் வந்து நின்று கத்தியதில்லை.

வக்தி பழக்கத்தில் சுவரைத் தடவினான். விளக்கு சுவிட்ச் அங்கே இல்லை.

"இந்தப் பக்கம் மாத்திட்டேன். அங்க ஈரம் இறங்கி ஷாக் அடிச்சுது. மேல்வீட்டுக்காரர் துணியைப் பிழியாமக் காயப்போடுவார், சொட்டும். சண்டைக்குப் போயிடாதீங்க, அவருக்குக் காது கேக்காது."

பள்ளிக்கூடப் பையனைப் போலத் தலையாட்டினான். மகளின் அறை வாசலில் நின்று, "இதை அப்படியே வச்சிருப்பேன், ஷுரூக்" என்றான்.

"வேணாம் பாபா. நீங்களே படுத்துக்குங்க. காலை வெயில் இங்கதான் வரும்."

பிறகு அவன் நக்லாவைப் பார்க்காமல் சொன்னான்: "நான் உங்களைப் போகச் சொல்லலையே."

"சொல்லலை. ஆனா இதுவரைக்கும் கையில காகிதம் இருந்துது, இருந்தேன். இனிமே உங்க நல்ல மனசை நம்பித்தான் இருக்கணும். நாளைக்கு உங்களுக்கு ஒரு கோபம் வந்தா நான் எங்க போய் நிப்பேன்?"

அவன் பெட்டியின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கி, வண்டியில் வைத்துவிட்டு மேலே போனான்.

வண்டி கிளம்பும் நேரத்தில் கீரைக்காரன் தள்ளுவண்டியோடு சந்துக்குள் வந்தான். முன்சீட்டில் இருந்த தாயையும் மகளையும் அவன் கவனிக்கவில்லை. வழக்கம்போல அண்ணாந்து குரல் கொடுத்தான்: "உம் ஷுரூக்! முலூக்கியா இப்பத்தான் பறிச்சது, கூடையை இறக்கு!"

பால்கனிக் கதவு திறந்தது. வக்தி வெளியே வந்து, அங்கும் இங்கும் தேடி, மூலையில் கிடந்த கூடையை எடுத்தான். கயிற்றில் விழுந்திருந்த சிக்கலை நின்று அவிழ்த்தான். பிறகு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெறுங்கூடையை மெல்ல மெல்லக் கீழே இறக்கினான்.